இரைச்சலுக்குள் ஒரு படகு

புயல் ஓய்ந்த பிறகு எங்கள் தீவில் நிமிர்ந்து நின்ற மின்கம்பம் ஒன்றுகூட இல்லை. மாதாகோவிலின் மணிக்கூண்டும், அதை ஒட்டியிருந்த எங்கள் வானொலி அறையும் தப்பித்தன. அது பெரிய நிலையம் ஒன்றுமில்லை. எங்கள் தீவையும் எதிரே தெரிகிற சின்னத் தீவுகளையும் தாண்டாத ஒலிபரப்பு. காலையில் ஜெபமாலை, மதியம் மீன் விலை, சாயங்காலம் நேயர் விருப்பம். எல்லாவற்றையும் வாசிக்கிற குரல் என்னுடையது. என் பெயர் ரொசெண்டா, ஊரில் செண்டா.

புயலுக்கு முந்தின நாள் கடலுக்குப் போன படகுகளில் ஆறு திரும்பவில்லை. அதில் ஒன்று கிரிஸ்புலோவின் படகு. அவனோடு என் தம்பி நார்சிங்கும் போயிருந்தான்.

காணாமல் போனவர்களின் பெயர்களைத் தினமும் ஒலிபரப்ப வேண்டும், அக்கம்பக்கத் தீவுகளில் யாராவது ஒதுங்கியிருந்தால் சேதி வரும் என்றார் எங்கள் பங்குச் சாமியார் பாத்ரே அன்செல்மோ. மீனுக்கு ஐஸ் போடும் ஆலையில் கெஞ்சிக் கேட்டு ஒரு பழைய ஜெனரேட்டரைக் கைவண்டியில் தள்ளிக்கொண்டு வந்தார். அதை ஓட்டும் பொறுப்பு டெல்பினுக்கு. நல்ல நாட்களில் தீவிலுள்ள கரோக்கே பெட்டிகளைப் பழுதுபார்த்துப் பிழைத்தவர் அவர். எங்களைவிட மூத்தவர் என்பதால் எல்லாருக்கும் ‘மானோ’, அதாவது அண்ணன்.

முதல் நாளே அடி விழுந்தது. நான் வாசித்துக்கொண்டிருக்கும்போது அறையிலிருந்த குண்டு பல்பு மங்கியது. அடுத்த கணம் கண்ணைப் பறிக்கிற மாதிரி எரிந்தது. மேசைக்கு அடியிலிருந்து பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது. கம்ப்யூட்டர் அணைந்துபோனது.

டெல்பின் வெளியே ஓடினார். “எந்தப் புண்ணியவான் இந்த லைன்ல ஃப்ரீசரச் சொருகினது?”

“நான்தான் மானோ,” என்றாள் பாத்ரேயின் சமையல்காரி பெனிங். “நிவாரணத்துல வந்த கோழி கெட்டுப்போகுமேன்னு பாத்தேன்.”

“கோழி பொழச்சிருச்சு, கம்ப்யூட்டர் செத்துப்போச்சு. நல்லா சமைச்சு எழவுச் சோறாப் போட்டுரு.”

அதன்பிறகு டெல்பின் யாரையும் அந்தக் கம்பியின் பக்கம் அண்டவிடவில்லை. ஜெனரேட்டரைக் கிளப்பி, அதன் மூச்சு ஒரு நிதானத்துக்கு வந்த பிறகுதான் ஒலியை அனுப்புகிற டிரான்ஸ்மிட்டர் பெட்டியைச் சேர்ப்பார். டாங்கியில் பெட்ரோல் வற்றும்வரை விடமாட்டார். கடைசி மடக்கில்தான் அது பைத்தியம்போல் துள்ளும் என்பார். கரண்ட் போனால் தாங்குவதற்கென்று எங்களிடம் ஒரு யூபிஎஸ் இருந்தது. அது இந்தக் கரண்டைக் கரண்டென்றே ஒப்புக்கொள்ளவில்லை. டிக் டிக் என்று மறுத்து மறுத்துத் தன் பேட்டரியையே தின்று தீர்த்துவிட்டது.

“இது கரண்ட் இல்ல மானா, குதிர,” என்பார் டெல்பின். என்னைவிட மூத்தவர்தான், ஆனாலும் மைக் முன்னால் உட்காருகிறவள் என்று எனக்கும் ‘மானா’ பட்டம், அக்கா என்று. “கொஞ்ச நேரம் நடக்கும், திடீர்னு உதைக்கும்.”

உதையைச் சமாளித்தார். இரைச்சலைச் சமாளிக்க முடியவில்லை. என் குரலுக்கு அடியில் ஊஊம் என்று ஒரு முனகல் ஓடிக்கொண்டே இருந்தது. டெல்பின் எர்த்துக்காகத் தரையில் இரும்புக் கம்பி அடித்துப் பார்த்தார், ஒயரை மாற்றிப் பார்த்தார். முனகல் குறைந்ததே தவிர ஓயவில்லை. ஜெனரேட்டரின் அழுக்கு அது. கரண்டோடு கலந்து பெட்டிக்குள் வந்து, ஒலிபரப்போடு தீவு முழுவதும் போனது.

ஒரு சாயங்காலம் வாசித்து முடித்து வெளியே வந்தேன். கிரிஸ்புலோவின் மனைவி இசிடோரா, ஜன்னலுக்குக் கீழே கைரேடியோவைக் காதோடு அழுத்திக்கொண்டு குந்தியிருந்தாள்.

“மானா, பேச்சுக்குக் கீழ ஒரு சத்தம் வருதே, அது எங்கேருந்து வருது?”

“ஜெனரேட்டர்லேருந்து இசிடோரா. காதுக்கு எரிச்சலாத்தான் இருக்கும், பொறுத்துக்க.”

“எரிச்சலா?” அவள் சிரித்தாள். புயலுக்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. “அது கிரிஸ்புலோவோட எஞ்சின். மூணாவது அடிக்கு ஒருதரம் விக்கும். அத மாத்துய்யா மாத்துய்யான்னு எத்தன தரம் சண்ட போட்டிருக்கேன். எனக்குத் தெரியாதா?”

அடுத்த சாயங்காலம் அவளோடு இன்னும் மூன்று பெண்கள் இருந்தார்கள். அதற்கடுத்து ஒரு கிழவர், மகனைப் பறிகொடுத்தவர். அவரவருக்கு அவரவர் படகு கேட்டது. ஒருத்திக்கு எஞ்சினோடு நாய் குரைப்பும் கேட்டது. அவள் புருஷன் நாயில்லாமல் கடலுக்குப் போகமாட்டான். சுவரோரம் வரிசையாக உட்கார்ந்து, நான் பேசும்போது முகம் சுளிப்பார்கள். நான் மூச்சு வாங்க நிறுத்தினால் எல்லாத் தலையும் ரேடியோவின் பக்கம் சாயும்.

இறந்தவர்களுக்கான பூசைக்கு நாள் குறிக்கலாமா என்று பாத்ரே மெல்லக் கேட்டுப் பார்த்தார்.

“எஞ்சின் ஓடிக்கிட்டிருக்கு பாத்ரே,” என்றாள் இசிடோரா. “ஓடுற படகுக்கு யாராவது பூச வைப்பாங்களா?”

எனக்கு அழுகையும் ஆத்திரமும் வந்தன. அதே படகில்தான் என் தம்பியும் இருந்தான். ஹெட்போனைப் போட்டுக்கொண்டு, மைக்கை அணைத்துவிட்டு, கண்ணை மூடி அந்த முனகலைக் கேட்டிருக்கிறேன். ஒன்றுமில்லை. வெறும் ஊஊம். சுவரோரம் இருந்தவர்கள்மேல் எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

இதற்கிடையில் டிரான்ஸ்மிட்டர் சுட ஆரம்பித்தது. இந்தக் கரண்டில் இனி ரொம்ப நாள் தாங்காது என்றார் டெல்பின். நல்லவேளையாக நிவாரணப் படகில் மறைமாவட்டம் ஒரு புது ஜெனரேட்டரை அனுப்பியது. சூட்கேஸ் அளவுதான். இன்வெர்ட்டர் வைத்தது, உள்ளேயே கரண்டைச் சலித்து, வீட்டுக் கரண்டைவிடச் சுத்தமாகக் கொடுக்கும். டெல்பின் அதைக் கைக்குழந்தையைப்போல் தூக்கிவந்தார். யூபிஎஸ்கூடச் சத்தமில்லாமல் ஏற்றுக்கொண்டது.

அன்று சாயங்காலம் என் குரலுக்கு அடியில் எதுவுமே இல்லை. ஒவ்வொரு பெயருக்கும் பிறகு விழுந்த அமைதி கிணற்றைப்போல் இருந்தது. நான் பட்டியலில் பாதிகூடத் தாண்டவில்லை, கதவு அதிர்ந்தது.

“எங்க அனுப்பினீங்க அவங்கள?” இசிடோரா. அவள் பின்னால் மற்றவர்கள், கையில் ரேடியோக்களோடு.

டெல்பின் கதவைத் திறந்து நிதானமாகச் சொன்னார். “யாரையும் அனுப்பலம்மா. அது மெஷினோட அழுக்கு. பழைய மெஷினையே ஓட்டினா பெட்டி எரிஞ்சுபோகும். அப்புறம் ஒலிபரப்பே இருக்காது.”

“நீங்க கரோக்கே பெட்டி பாக்குறவரு. எஞ்சினப் பத்தி எனக்குப் பாடம் எடுக்காதீங்க.”

“சரி, நான் கரோக்கேக்காரன்தான். ஆனா இந்த...”

அவள் கேட்க நிற்கவில்லை. ரேடியோவைக் குழந்தையை அமர்த்துவதுபோல் தட்டித் தட்டி, முள்ளைத் திருப்பிக்கொண்டே இருட்டில் போனாள்.

மறுநாள் மதியம் இன்னொரு புயல் எங்கள் பக்கம் திரும்பியிருப்பதாகத் தகவல் வந்தது. யாரும் கடலுக்குப் போகக்கூடாது. ராத்திரிக்குள் எல்லாரும் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும். பாத்ரே ஒலிபெருக்கியைக் கையில் எடுத்துக்கொண்டு தீவின் அந்தப் பக்கம் போய்விட்டார். வெளிச்சம் மங்குகிற நேரத்தில் பெனிங் மூச்சிரைக்க வந்தாள்.

“மானா, இசிடோரா துடுப்புப் படக எடுத்துக்கிட்டுப் போயிட்டா. ரேடியோவும் கையில. ‘ஊர்ப்பக்கம் சத்தம் கேக்கல, அப்ப வெளிக்கடலுக்குத்தான் போயிருக்காங்க’ன்னாளாம். தேடிப் போன ரெண்டு படகையும் அல திருப்பி அடிச்சிருச்சு.”

டெல்பின் என்னைப் பார்த்தார். நான் சுவருக்கு அப்பால், ஐஸ் ஆலைக்குத் திருப்பிக் கொடுக்கத் தார்ப்பாய் மூடி வைத்திருந்த பழைய ஜெனரேட்டரைப் பார்த்தேன்.

“வேணாம் மானா. பெட்டி எரிஞ்சா புயல் சேதிய எதுல சொல்லுவீங்க?”

“புயல் சேதிய இப்பவே சொல்லிடறேன். நீங்க அத வெளிய இழுங்க.”

“பாத்ரே வந்தா...”

“பாத்ரேகிட்ட நான் பேசிக்கிறேன் மானோ. இழுங்க.”

எச்சரிக்கையை முழுவதும் வாசித்தேன், திரும்பவும் வாசித்தேன். மணி அடித்தால் இருக்கிற இடத்தை விட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடுங்கள் என்றேன். பிறகு டெல்பின் கம்பியை மாற்றினார். முனகல் வந்தது.

“இசிடோரா, செண்டா பேசுறேன். கேக்குதா? அவங்க வெளிக்கடல்ல இல்ல. இங்க, மாதாகோவில் கரைக்கிட்ட இருக்காங்க. திரும்பி வா.”

அந்த மைக்கில் நான் சொன்ன முதல் பொய் அது. அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். தொண்டை கட்டியதும் மைக்கை அணைத்து, முனகலை மட்டும் ஓடவிட்டேன். ஹெட்போன் காதிலேயே இருந்தது.

டுப் டுப் டுப், ஒரு விக்கல். டுப் டுப் டுப், ஒரு விக்கல்.

“மானோ, ஜெனரேட்டர் விக்குதா?”

அவர் வெளியே எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். “இல்லியே. சீராத்தான் ஓடுது.”

நான் ஹெட்போனைக் கழற்றினேன். வெளியே ஜெனரேட்டர் ஒரே மூச்சாக ஓடிக்கொண்டிருந்தது. மறுபடி மாட்டினேன். விக்கல் இருந்தது, இப்போது இன்னும் பக்கத்தில். அப்போதுதான் பெட்டியிலிருந்து புகை கிளம்பியது. டெல்பின் தாவிக் கம்பியைப் பிடுங்கினார். எல்லாம் நின்றது.

விளக்கை எடுத்துக்கொண்டு கரைக்கு ஓடினோம். மழை சாய்வாக அடித்தது. எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியாது. பெனிங்தான் முதலில் பார்த்தாள்: கோவிலுக்கு நேர் எதிரே இருந்த சின்ன மணல் துண்டில், பாறையில் உரசாமல், யாரோ கைபிடித்து இழுத்துவிட்ட மாதிரி இசிடோராவின் படகு ஏறி நின்றது.

அவளைத் தூக்கி இறக்கினோம். உள்ளங்கைத் தோல் உரிந்திருந்தது.

“என் குரல் கேட்டுச்சா?” என்றேன். “ரேடியோவுல கூப்பிட்டேனே.”

“எந்த ரேடியோ? அது முதல் அலையிலயே தண்ணிக்குள்ள போயிருச்சு மானா.”

டெல்பின் விளக்கைத் தாழ்த்தினார்.

“பின்ன எப்படிக் கர தெரிஞ்சது?” என்றேன்.

“எஞ்சின் சத்தம். எனக்கு முன்னாடியே போய்க்கிட்டிருந்துச்சு. விளக்கு இல்ல. கூப்பிட்டேன், கூப்பிட்டேன், திரும்பவே இல்ல. பின்னாலயே துடுப்புப் போட்டேன். கரைக்கிட்ட வந்ததும் நின்னுபோச்சு.” பற்கள் அடித்துக்கொள்ள என் கையைப் பிடித்தாள். “ஒருத்தன் மட்டும் விசிலடிச்சுக்கிட்டே போனான்.”

நார்சிங் சின்ன வயதிலிருந்தே படகில் ஏறினால் விசிலடிப்பான். கடலில் விசில் காற்றைக் கூப்பிடும் என்று அம்மா அவன் வாயிலேயே அடித்திருக்கிறாள். நான் இதை இசிடோராவிடம் சொல்லவில்லை. மணலில் உட்கார்ந்து, புயல் வந்த நாளிலிருந்து அழாத அழுகையை அழுதேன். டெல்பின் மணியடிக்க ஓடினார். பெனிங் இசிடோராவோடு என்னையும் சேர்த்துத்தான் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துப்போனாள்.

அந்தப் புயல் எங்களை முழுசாகப் பிடிக்கவில்லை. மணியும் பாத்ரேயின் ஒலிபெருக்கியும் சொன்னதைக் கேட்டு எல்லாரும் பள்ளிக்கூடத்தில் இருந்தோம். சில கூரைகள் போயின, உயிர் எதுவும் போகவில்லை. பாத்ரே கருகிய பெட்டியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, “மணிக்கயிறு அறுந்திருந்தா என்ன செஞ்சிருப்ப செண்டா?” என்றார்.

பூசை வைக்கச் சொல்லி இசிடோராவே அவரிடம் போனாள். “என்னயக் கொண்டாந்து விட்டுட்டு அவங்க போயிட்டாங்க பாத்ரே. இனி வைக்கலாம்,” என்றாள். சுவரோரம் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் வந்தார்கள். கிழவர் மட்டும் கோவிலுக்குள் வராமல் கடலைப் பார்த்தபடி வாசலிலேயே நின்றார். மைக் இல்லாததால் பெயர்களைத் தொண்டை கிழிய வாசித்தேன். என் தம்பியின் பெயர் வந்தபோது குரல் உடையவில்லை.

பூசை முடிந்து வீட்டுக்குப் போய் அவன் சட்டைகளை எடுத்துத் துவைத்து, வெயிலில் காயப்போட்டேன். அம்மா அவற்றைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஈரம் உலர்ந்த பிறகு ஒவ்வொன்றாக மடித்து, “பெனிங்கோட தம்பிக்கு அளவு சரியா இருக்கும். நாளைக்குக் குடுத்துரு,” என்றாள்.