சன்னிதானத்தின் பின்னணி இசை

அந்த இசையமைப்பாளருக்கு நாங்கள் வைத்த பெயர் சன்னிதானம். அவர் முன்னால் எல்லாரும் கைகட்டி நின்றாக வேண்டும் என்பதால் வந்த பெயர். என் கணவர் அவருடைய பரம பக்தர். காலையில் பல் தேய்ப்பதுகூட அவர் இசையில்தான்.

நான் படத்தொகுப்பாளர். புதுப் படத்தில், மகள் வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பும் காட்சி ஒன்று உண்டு. இசை தயாராகும்வரை ஒப்புக்கு எதையாவது போட்டுவைப்பது வழக்கம். சன்னிதானத்தின் பழைய படத்திலிருந்தே ஒரு துண்டை எடுத்துப் போட்டிருந்தேன்.

படம் பார்க்க அவர் வந்தார். கூடவே மூன்று பேர்; அதில் ஒருவருக்கு அவருடைய மெத்தையைத் தூக்கிவருவது மட்டுமே உத்தியோகம். அந்தக் காட்சி ஓடியதும் காதைப் பொத்திக்கொண்டார்.

"எந்த முட்டாள் போட்டது இது? தகர டப்பா படியில உருளுற மாதிரி இருக்கு."

இயக்குநர் முகத்தில் ஈயாடவில்லை. நான்தான் சொன்னேன். "நீங்க போட்டதுதான் சார். உங்களுக்கு முதல் விருது வாங்கிக் கொடுத்தது."

அவர் கூலிங் கிளாஸைக் கழற்றி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உங்க ஸ்பீக்கர் சரியில்லம்மா" என்றார். மூன்று தலைகளும் ஆடின.

இரண்டு வாரம் கழித்துப் புது இசை வந்தது. அதே மெட்டு. வயலின்கள்தான் பெருகியிருந்தன. இயக்குநர் கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"தம்பி, இது அதேதான்" என்றேன்.

"தெரியும்க்கா. வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருங்க."

ஒலிக் கலவையின்போது, இசையை நிறுத்திக் காட்சியை ஒருமுறை ஓட்டிக் காட்டினேன். சாவி திரும்பும் சத்தம், அவள் செருப்புச் சத்தம், தூரத்தில் ஒரு பஸ். அவ்வளவுதான். இயக்குநர் இன்னொருமுறை ஓட்டச் சொன்னார்.

"இப்படியே விட்டுடலாம்க்கா. ஆனா அவர்கிட்ட நீங்களே சொல்லிடுங்க."

நான் ஏன் சொல்ல வேண்டும்? இயக்குநரும் சொல்லவில்லை. பெரிய மனிதர்களைச் சுற்றி இருப்பவர்களின் முதுகெலும்பு வாழைத்தண்டு.

சிறப்புக் காட்சியன்று அரங்கம் நிரம்பி வழிந்தது. மகள் வீட்டைப் பூட்டிக் கிளம்பும் இடம் முடிந்ததும் கைதட்டல் எழுந்தது. என் பக்கத்தில் கணவர் மூக்கை உறிஞ்சினார். "கேட்டியா? மனுஷன் எப்படிப் போட்டிருக்கார் பாரு."

படம் முடிந்ததும் சன்னிதானம் மேடையேறி, அந்தக் காட்சிக்காகப் பல நாள் தூங்கவில்லை என்றார். படம் ஓடிக்கொண்டிருந்தபோது இரண்டு வரிசை முன்னால் அவர் விட்ட குறட்டை எனக்கு நன்றாகவே கேட்டிருந்தது. இயக்குநர் அவர் காலில் விழுந்தார்.

வீட்டுக்குத் திரும்பும்போது காரில் கணவரிடம் சொன்னேன். "அந்த இடத்துல மியூசிக்கே இல்லை. அதைத் தூக்கினது நான்."

அவர் சிரித்தார். என் மேல் இரக்கப்பட்ட சிரிப்பு.

"அந்த மௌனத்தையும் அவர்தான் போட்டிருப்பார். உனக்கு அது பிடிபடல."

இருபது வருஷமாக இந்த மனிதரோடுதான் குப்பை கொட்டுகிறேன். கார் கண்ணாடியை இறக்கிவிட்டு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். அவர் ஸ்டியரிங்கில் தாளம் போட்டபடி, இல்லாத அந்த இசையை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அதிலும் சுருதி சேரவில்லை.