ஒற்றைப் பங்குக்காரி

ஜெர்மனியில் பீலஃபெல்ட் நகர மண்டபத்தில் ஓஸ்டர்காம்ப் கம்பெனியின் ஆண்டுக் கூட்டம் என்றால், ரோஸ்விட்டா க்ளூசனரை எந்த நேரத்தில் பேசவிடுவார்கள் என்பது வாசலில் கோட்டு வாங்கி மாட்டுகிற பெண்ணுக்குக்கூடத் தெரியும். சாசேஜ் போடுகிற நேரத்தில்! வெளிக்கூடத்தில் சாசேஜும் உருளைக்கிழங்கு சாலட்டும் தட்டில் விழ ஆரம்பித்தால் போதும், பங்குதாரர்கள் பந்திக்கு முந்துகிற கல்யாணக் கூட்டம் மாதிரி எழுந்து ஓடுவார்கள். மிச்சமிருக்கும் காலி நாற்காலிகளைப் பார்த்து ரோஸ்விட்டா மைக்கில் பேசுவாள். பத்து வருஷமாக இதுதான் நடக்கிறது.

அவளிடம் இருப்பது ஒரே ஒரு பங்கு. ஒரு பங்கு இருந்தாலும் கூட்டத்தில் கேள்வி கேட்கலாம், மேடையில் இருப்பவர்கள் பதில் சொல்லியே ஆகவேண்டும், பொய் சொன்னால் கோர்ட்டுக்குப் போகவேண்டிவரும் என்பது சட்டம். அதற்காகவே அந்தப் பங்கை வாங்கினாள். ஓஸ்டர்காம்ப் கவச வண்டி செய்கிற கம்பெனி. அவள் கேட்பதெல்லாம் ஒன்றுதான்: உங்கள் வண்டிகள் யாரிடம் போகின்றன? பதிலும் ஒன்றுதான். "நாங்கள் எல்லாச் சட்டங்களையும் மதிக்கிறோம். வாடிக்கையாளர் விவரம் வியாபார ரகசியம். அடுத்த கேள்வி." கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்துவிட்டது.

ஆனால் இந்த வருஷம் சும்மா போக அவள் வரவில்லை. குளிர்காலத்தில் ஒரு வீடியோ வந்தது. வளைகுடா நாடு ஒன்றின் தலைநகரில், ரொட்டி விலையை எதிர்த்துக் கூடிய ஜனங்களுக்கு நடுவே ஓஸ்டர்காம்ப் வண்டி ஒன்று புகுந்தது. பையோடு சாலையைக் கடந்துகொண்டிருந்த ஒரு பெண்ணைப் பார்த்தும் அது வேகத்தைக் குறைக்கவில்லை. ரோஸ்விட்டா முப்பது வருஷம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள். ஆள் குறுக்கே வந்தால் பிரேக்கை மிதி என்பதுதான் அவள் சொல்லித்தரும் முதல் பாடம். அந்த வீடியோவைப் பார்த்த அன்று அவளுக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை.

நாடாளுமன்றத்தில் கூச்சல், குழப்பம். கடைசியில் பெர்லின் அரசு அந்த நாட்டுக்கு ஏற்றுமதியைத் தடை செய்தது. ஓஸ்டர்காம்ப் பங்கின் விலை மூன்றில் ஒரு பகுதி சரிந்தது. அடுத்த தவணைக்குத் தயாரான நாற்பது வண்டிகள் ஆலை முற்றத்திலேயே நின்றன. ரோஸ்விட்டாவுக்கு அப்பாடா என்றிருந்தது. ஆனால் வசந்தத்தில் கம்பெனி ஒரு அறிக்கை விட்டது: இந்த ஆண்டு லாபக் கணிப்பில் மாற்றமில்லை. பங்கு விலை மறுபடி ஏறியது. அப்போதே அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அந்த நாற்பதும் எப்படியோ போகப்போகிறது, ஆனால் எந்த வழியில்? இன்றைய கூட்டத்தில் தெரியாவிட்டால் அடுத்த கூட்டத்துக்கு ஒரு வருஷம் காத்திருக்கவேண்டும்; அப்புறம் தெரிந்து ஒரு பிரயோஜனமும் இல்லை.

காப்பி வரிசையில் அவளுக்கு முன்னால் நின்றவர் ரூப்ரெஷ்ட் சுண்டர்மன். சிறு முதலீட்டாளர் சங்கத்தின் பேச்சாளர். ஒவ்வொரு வருஷமும் இரண்டாவதாகப் பேசி, நிறைந்த மண்டபத்தில், கேமராக்களுக்கு முன்னால், டிவிடெண்டைப் பற்றி மட்டும் கேட்பவர். பத்து வருஷமாக இரண்டு பேரும் ஒருவரையொருவர் சீண்டிக்கொண்டிருந்தார்கள்.

"சமாதானப் புறா வந்தாச்சா?" என்றார்.

"வந்தாச்சு. கல்லாப்பெட்டியும் வந்து நிக்குதே!"

வழக்கமாகச் சிரிப்பவர் இன்று சிரிக்கவில்லை. "அட, விளையாட்டு இருக்கட்டும் அம்மா. எனக்கு ஒரு விஷயம் மண்டையைக் குடையுது. ஏற்றுமதிக்குத் தடை. நாப்பது வண்டி முற்றத்துல துருப்பிடிக்குது. ஆனா கணிப்புல மட்டும் ஒண்ணும் குறையலையாம். எப்படிங்க அது?"

ரோஸ்விட்டா வரிசையை விட்டு அவர் பக்கத்தில் வந்தாள். "சார், அதைக் கேளுங்க! அப்படியே, இதே வார்த்தையில கேளுங்க!"

"கேட்கத்தான் போறேன். ஆனா அரசியல் எல்லாம் கலக்கமாட்டேன். எங்க சங்கத்துக்காரங்க என்னைத் தோலை உரிச்சிருவாங்க."

"அரசியல் உங்க பங்குல மூணுல ஒண்ணை முழுங்கி ஏப்பம் விட்டிருச்சு. இவர் இன்னும் அரசியல் கலக்கமாட்டாராம்!"

"வாயைப் பாரு," என்று முணுமுணுத்துக்கொண்டே சுண்டர்மன் உள்ளே போனார்.

மேடைக்குப் பின்னால் ஓர் அறை உண்டு. அங்கே வக்கீல்களும் அதிகாரிகளும் உட்கார்ந்து, கேள்வி வர வர பதிலைத் தாளில் அடித்து மேடைக்கு அனுப்புவார்கள். சமாதானக்காரர்களுக்குப் பதில் எழுத ஒரு மேஜை, பணத்தைப் பற்றிக் கேட்பவர்களுக்குப் பதில் எழுத வேறொரு மேஜை. முதல் மேஜைக்கு வாயை மூடத் தெரியும். இரண்டாவது மேஜைக்குத் தெரிந்ததெல்லாம் பங்குதாரரைக் குளிர வைப்பது.

சுண்டர்மன் கேட்டார். பதில் வந்தது இரண்டாவது மேஜையிலிருந்து. நிர்வாக இயக்குநர் பிராண்டிஸ் முகமெல்லாம் பல்லாகத் தாளை எடுத்து வாசித்தார்.

"நம் பங்குதாரர்கள் துளியும் கவலைப்பட வேண்டாம். அந்த நாற்பது வண்டிகளின் வருமானமும் கணிப்பில் இருக்கிறது. வண்டிகளைப் பாகங்களாகக் கழற்றி, அண்டை நாட்டில் உள்ள எங்கள் கூட்டாளியின் ஆலைக்கு அடுத்த வாரமே அனுப்புகிறோம். அங்கே பூட்டி, அங்கிருந்தே வாடிக்கையாளரிடம் ஒப்படைப்போம். ஆக, இந்தத் தடை நம்மைத் தொடாது."

சிலர் கைதட்டினார்கள். ஐயோ, பாவி மனுஷன்! பத்து வருஷம் அவள் தொண்டை கிழியக் கேட்டும் சொல்லாததை, பணம் கேட்டவருக்குப் பெருமையாக ஒப்பித்துவிட்டாரே! ரோஸ்விட்டா எப்போது எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

"நிறுத்துங்க!"

பதற்றத்தில் பிரேக்குக்குப் பதில் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும் மாணவர்களை நிறுத்திப் பழகிய குரல் அது. மைக் இல்லாமலே கடைசி வரிசைவரை போனது. "பாகங்களை அனுப்ப அமைச்சகம் அனுமதி கொடுத்திருக்கா? ஆமாவா, இல்லையா?"

கூட்டத்துக்கும் கம்பெனியின் மேற்பார்வைக் குழுவுக்கும் தலைவரான டாக்டர் ஐக்ஹோஃப் மணியை அடித்தார். "க்ளூசனர் அவர்களே, உங்கள் முறை மதியம். உட்காருங்கள்."

"மதியம் இங்க நாற்காலிதான் இருக்கும். இப்ப ஆள் இருக்காங்க!"

இரண்டு காவலர்கள் அவளை நோக்கி நடந்தார்கள். அந்த நேரம் பார்த்து, மதியத்துக்கு முன்பே கதவுகளைத் திறந்துவிட்டார்கள். சாசேஜ் வாசனை கமகமவென்று உள்ளே வந்தது. ரோஸ்விட்டாவுக்கு உயிரே போய்விட்டது. அவ்வளவுதான், எழுந்து ஓடிவிடுவார்கள் என்று நினைத்தாள்.

ஒருவரும் எழவில்லை.

நடு வரிசையில் இருந்த தொப்பைக்காரர் ஒருவர் கையை நீட்டிக் கத்தினார். "யோவ், அந்தம்மா கேட்டதுக்குப் பதிலைச் சொல்லுங்கய்யா! அனுமதி இல்லேன்னா அரசாங்கம் நம்ம கழுத்தைப் பிடிக்கும். அப்புறம் என் பங்கு என்னத்துக்கு ஆகும்?"

"பதில் சொல்லு! பதில் சொல்லு!" என்று நாலா பக்கமும் சத்தம் கிளம்பியது. காவலர்கள் பாதி வழியில் நின்றுவிட்டார்கள்.

சுண்டர்மன் இன்னும் மைக் முன்னால்தான் இருந்தார். ரோஸ்விட்டாவைப் பார்த்தார். தன் சங்கத்துக்காரர்கள் உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்தார். கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டார்.

"தலைவர் அவர்களே, என் நேரம் இன்னும் முடியல. அந்தம்மா கேட்டதை என் கேள்வியா எடுத்துக்குங்க. பதில் வராட்டி, பதில் வரலைன்னு நோட்டரி எழுதட்டும்."

மேடை ஓரத்தில் உட்கார்ந்து, கூட்டத்தில் நடப்பதைச் சட்டப்படி பதிவு செய்கிற நோட்டரி பேனாவை எடுத்தார். பிராண்டிஸ் பின்னறைக் கதவைப் பார்த்தார். தாள் வரவில்லை. தண்ணீர் குடித்தார். மறுபடி பார்த்தார். அந்த இரண்டு மேஜைகளும் அங்கே என்ன பாடுபட்டுக்கொண்டிருந்தனவோ! கடைசியில் வந்த தாளில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. அதை வாசிக்கும்போது பிராண்டிஸின் குரல் உள்ளே போய்விட்டது.

"அனுமதி... இன்னும் கேட்கப்படவில்லை."

மண்டபம் கொதித்தது. எல்லோரும் போனை எடுத்தார்கள். செய்தியாளர்கள் வெளியே ஓடினார்கள். பங்கு விலை கண்ணெதிரே விழுந்தது. முன்வரிசையில் இருந்த பெரிய முதலீட்டு நிதிகளின் ஆட்கள் மூன்று பேர் நேராக மேடைக்குப் போய், ஐக்ஹோஃபின் காதில் எதையோ சொன்னார்கள். இந்த நிர்வாகத்துக்கு எங்கள் ஓட்டு கிடையாது என்று சொன்னதாகப் பிறகு எல்லோருக்கும் தெரிந்தது. கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது.

சுண்டர்மன் ரோஸ்விட்டாவின் பக்கத்தில் தொப்பென்று வந்து உட்கார்ந்தார். முகம் சிவந்திருந்தது.

"திருப்திதானே உங்களுக்கு? இன்னைக்கு எங்க ஆளுங்க காசு எவ்வளவு கரைஞ்சுபோச்சு தெரியுமா?"

"திருட்டுத்தனமா அனுப்பப் பார்த்தது நானா?" அவள் அவர் பக்கம் திரும்பினாள். "அந்த ரோட்டுல போன பொம்பளை யாரு, என்ன பேருன்னு எனக்குத் தெரியாது சார். ஆனா எனக்கு அவதான் கணக்கு."

சுண்டர்மன் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "இல்லம்மா. நீங்க இல்ல. எங்களையும் சேர்த்துத்தான் ஏமாத்தியிருக்கானுங்க," என்றார்.

அன்று மதியம் சாசேஜைத் தொட்டவர்கள் குறைவு. ஐக்ஹோஃப் திரும்பி வந்தபோது அவர் பக்கத்து நாற்காலியில் பிராண்டிஸ் இல்லை. தலைவர் நின்றபடியே, கண்ணாடியைக் கழற்றி மாட்டி, வாசித்தார்.

"மேற்பார்வைக் குழு இப்போது கூடி முடிவெடுத்தது. அந்த நாட்டுடனான ஒப்பந்தம் ரத்து. நாற்பது வண்டிகளில் ஒன்றோ, அவற்றின் ஒரு பாகமோ எந்த ஆலை வழியாகவும் அங்கே போகாது. கூட்டாளி ஆலைக்கும் தகவல் போய்விட்டது."

ரோஸ்விட்டாவுக்கு முதலில் காது அடைத்துக்கொண்டது. "என்ன சொன்னார்? போகாதுன்னா சொன்னார்?" என்று சுண்டர்மன் கையைப் பிடித்து உலுக்கினாள்.

"போகாதாம். ஒண்ணுகூடப் போகாதாம்."

அவள் எழுந்துவிட்டாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. இரண்டையும் அடக்க அவள் மெனக்கெடவில்லை. "ஜெயிச்சுட்டோம்! சார், ஜெயிச்சுட்டோம்!" என்று மண்டபமே அதிரக் கத்தினாள். அன்றைக்குப் பணத்தைப் பறிகொடுத்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். முதலில் எழுந்து கைதட்டியவர் சுண்டர்மன்தான்.