இருபத்தைந்து கட்டை

என் கடையில் லேமினேஷன் மெஷினுக்கும் பிரிண்டருக்கும் நடுவே சரியாக இருபது அங்குலம். அதை அளந்து சீட்டில் எழுதிக்கொண்டுதான் இசைக்கருவிக் கடைக்குப் போனேன்.

"அறுபத்தொரு கட்டை உள்ள கீபோர்டை எடுத்துக்குங்கம்மா," என்றார் கடைக்காரர். "அறுநூறு சவுண்டு உள்ளேயே இருக்கு. ஸ்பீக்கரும் இருக்கு."

"அதே மாதிரி எங்க வீட்டுக்காரரோட அண்ணன்கிட்ட ஒண்ணு இருக்கு. தொட்டா கையை ஒடிச்சிடுவாங்க. எனக்கு இருபது அங்குலத்துல அடங்கணும். கம்ப்யூட்டர்ல மாட்டணும்."

"அதெல்லாம் இருபத்தஞ்சு கட்டைதான். தனியா வச்சா சத்தமே வராதே."

"தெரியும். சத்தத்தை நான் பாத்துக்கிறேன். எடுங்க."

இரண்டை எடுத்து வைத்தார். ஒன்றில் கலர் கலராக விளக்கு எரிந்தது. ஆனால் கட்டைகள் கடகடவென்று ஆடின. மற்றொன்றில் விளக்கும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. ஒவ்வொரு கட்டையாக மெல்ல ஒருமுறை, ஓங்கி ஒருமுறை அழுத்திப் பார்த்தேன். ஸ்பிரிங் உறுதியாக இருந்தது. மேலே, ஒலியைக் கூட்டிக் குறைக்க நான்கு திருகு. அதையே கட்டச் சொன்னேன்.

எங்கள் வீட்டில் இசை என்றால் மாஸ்டர்தான். என் கணவருக்கு அண்ணன். மெல்லிசைக் குழு நடத்துகிறார், பெரிய கீபோர்டு வாசிப்பார். அந்தக் குழுவில் என் கணவர் டிரம்ஸ். நான் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பதால் மாஸ்டர் எனக்கு வைத்த பெயர் ஜெராக்ஸம்மா. கல்யாணமாகிப் பதினோரு வருஷம் ஆகிறது, என் சொந்தப் பெயரை அவர் வாயால் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

நான் வாங்கி வந்ததைப் பார்க்க அவரே வீட்டுக்கு வந்தார். ஒற்றை விரலால் அழுத்தினார். சத்தம் இல்லை. இன்னொன்றை அழுத்தினார்.

"செத்துப் போச்சு போலிருக்கே! நல்லா ஏமாத்திட்டாங்க உன்னை."

"கம்ப்யூட்டர்ல மாட்டினாத்தான் பாடும் மாமா."

"அப்ப உனக்கு ஏத்த ஜோடிதான். ரெண்டுக்கும் சொந்தச் சரக்கு கிடையாது."

வீடே சிரித்தது. என் கணவரும் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருங்கடா, என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

கடையில் இருப்பது அரதப் பழசான கம்ப்யூட்டர். கம்ப்யூட்டருக்குள்ளேயே சத்தம் உண்டாக்கும் சாஃப்ட்வேர் சிந்தசைசர், இலவசமாகக் கிடைத்தவை மூன்றை இறக்கினேன். முதலாவதைத் திறந்ததும் கம்ப்யூட்டர் மூச்சுத் திணறிப் படுத்துவிட்டது. இரண்டாவதில் ஆயிரம் சவுண்டு தயாராக இருந்தது. அத்தனையும் எங்கேயோ கேட்டவை. மூன்றாவதைத் திறந்தால் காலி. வெறும் அலை ஒன்று, ரம்பம் அறுப்பதுபோல இரைந்துகொண்டிருந்தது. மற்றதை நீயே செய்துகொள் என்று விட்டுவிட்டார்கள். இதுதான்டி உனக்கு, என்று மற்ற இரண்டையும் அழித்தேன்.

முதலில் கட்டையை அழுத்தினால் அரை விநாடி கழித்துத்தான் சத்தம் வந்தது. எதைத் திருத்தினால் அது சரியாகும் என்று கண்டுபிடிக்கவே ஒரு வாரம் போயிற்று. ஆதார் நகலுக்கும் மார்க்‌ஷீட் நகலுக்கும் இடையில் கிடைத்த நிமிஷங்களில் உட்கார்ந்தேன். அலையை இரண்டாக்கி, ஒன்றைக் கொஞ்சம் சுதி பிசகவைத்தேன். கீச்சென்று இருந்த மேல்பகுதியை வெட்டினேன். தொடங்கும்போது தயங்கித் தொடங்கவைத்தேன். கடைசியில் வந்தது ஒரு சவுண்டு. ஒருவர் பெருமூச்சு விட்டுக்கொண்டே விசில் அடிப்பதுபோல. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அதில் ஒரு மெட்டுப் போட்டேன். அந்த மெட்டு என்னுடையது. சத்தியமாக என்னுடையது.

ஒருநாள் ஒரு கம்பெனி மேனேஜர் அழைப்பிதழ் நகல் எடுக்க வந்தார். மெட்டு ஓடிக்கொண்டிருந்தது. நகலை வாங்கியபிறகும் போகாமல் நின்றார்.

"இது யார் போட்டது?"

"நான்தாங்க."

அவர் கம்பெனி ஆண்டு விழாவுக்கு மாஸ்டர் குழுவைத்தான் பேசியிருந்தார்கள். இந்த மெட்டோடுதான் நிகழ்ச்சி தொடங்க வேண்டும் என்று மாஸ்டருக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார்.

அன்றைக்கே மாஸ்டர் கடைக்கு வந்தார். முழுதாகக் கேட்டார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

"மெட்டு புரிஞ்சுபோச்சு. அந்தச் சவுண்டு எத்தனாவது நம்பர்?"

"நம்பர் இல்ல மாமா. நான் செஞ்சது."

"சும்மா சொல்லும்மா. ஒளிச்சு வச்சு என்ன பண்ணப்போற?"

தன் கீபோர்டில் ஒன்றாம் நம்பரிலிருந்து அறுநூற்றுச் சொச்சம் வரை இரண்டு நாள் அழுத்தி அழுத்தித் தேடியிருக்கிறார். "புல்லாங்குழல்ல ஆரம்பிச்சு நாய் குரைக்கிறது வரைக்கும் போயிட்டாரு," என்று என் கணவர் வந்து சொன்னார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

மூன்றாம் நாள் திரும்பவும் வந்தார்.

"அந்த ஃபைலைக் குடு. குழு பேர்ல போகட்டும். குடும்பத்துக்குள்ள உன்னுது என்னுதுன்னு என்ன இருக்கு?"

"உங்க கீபோர்டை நான் தொட்டப்ப இதைச் சொல்லியிருக்கலாமே மாமா. ஃபைல் தரமாட்டேன். நானே வந்து வாசிக்கிறேன். இசை அமைச்சது யாருன்னு மைக்ல என் பேரைச் சொல்லணும்."

"இந்தப் பொம்மையை மேடையில வச்சா என் மானம் என்னாகறது?"

"வைக்கலேன்னா மேனேஜர்கிட்ட நீங்களே பேசிக்குங்க."

வீட்டுக்குப் போனதும் என் கணவர் ஆரம்பித்தார். "அண்ணன்கிட்ட எதுக்கு வம்பு? யார் பேர் சொன்னா என்ன?"

"உங்களுக்கு ஒண்ணுமில்லதான். உங்க பேரைச் சொல்லாத மேடை எது? எனக்கு இருக்கறது இந்த ஒரு மெட்டு. அதுக்கும் நான் பேரில்லாதவளா?"

மாஸ்டர் மறுநாள் சரி என்று சொல்லியனுப்பினார்.

விழா அன்று மேடை ஓரத்தில் ஸ்டூல் ஒன்றில் என் இருபத்தைந்து கட்டை, பக்கத்தில் கடன் வாங்கிய லேப்டாப். உள்ளங்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டேன். மாஸ்டர் மைக்கைப் பிடித்தார்.

"முதல்ல, நம்ம குழுவோட சொந்தப் படைப்பு!"

கைதட்டல். என் கணவர் குச்சிகளைத் தட்டி நான்கு எண்ணினார். நான் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். மறுபடி நான்கு எண்ணினார். நான் அசையவில்லை. முன்வரிசையில் மேனேஜர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மாஸ்டர் மைக்கை மூடிக்கொண்டு என் பக்கம் குனிந்தார். "வாசிம்மா. மானத்தை வாங்காத."

"பேரு மாமா."

பல்லைக் கடித்தபடி நிமிர்ந்தார். "இதுக்கு மெட்டுப் போட்டது நம்ம ஜெராக்ஸம்மா!"

எல்லோரும் சிரித்தார்கள். என் காது சுட்டது. எழுந்து ஓடிவிடலாம் என்றுகூடத் தோன்றியது. ஓடவில்லை.

"பேரு," என்றேன், சத்தமாகவே.

மாஸ்டர் தம்பியைப் பார்த்து, ஆரம்பி என்று கண்ணைக் காட்டினார். என் கணவர் அண்ணனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு இரண்டு குச்சிகளையும் டிரம் மேல் படுக்க வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்.

மைக்கில் மாஸ்டர் மூச்சு விடுவது கேட்டது. அப்புறம் என் பெயர் கேட்டது. முழுப் பெயர், ஓர் எழுத்து விடாமல். பதினோரு வருஷமும் அவருக்கு அது தெரிந்துதான் இருந்திருக்கிறது.

அழுகை வரும் என்று நினைத்தேன், கோபம்தான் வந்தது. என் கணவர் குச்சியை எடுத்து எண்ணத் தொடங்குமுன் நான் ஆரம்பித்துவிட்டேன்.