மூன்று குறிப்புகளில் ஒரு மன்னிப்பு

மச்சினி வீட்டு அழைப்பு மணியை அழுத்தும்போது அவர் கையில் ஒரு பை ஆப்பிளும் மனதில் மூன்று குறிப்புகளும் இருந்தன. மீறினாள், மீட்டேன், மீண்டாள். மூன்றும் ஒரே எழுத்தில் தொடங்குவதில் அவருக்குத் தனித் திருப்தி. பிழைப்பு என்னவோ மூக்குக்கண்ணாடிக் கடைதான். ஆனால் புதன்கிழமை மாலைகளில் சபையின் பின்னறையில் பைபிளின் எபிரெயத் தீர்க்கதரிசிகளை விளக்குவதற்காகவே தான் பிறவி எடுத்ததாக அவர் நம்பினார். மச்சினியின் கணவர், அதாவது அவருடைய சகலை, வைத்த பெயர் வியாக்கியானி. அது கிண்டல் என்பது தெரியாமல் அவர் அந்தப் பெயரை ரசித்தும் வந்தார்.

போன புதன்கிழமை ஓசியா. மனைவி வேறு ஆட்களின் பின்னால் போய்விட, விட்டுத்தள்ளாமல் தேடிப்போய் அழைத்துவந்த தீர்க்கதரிசி; அந்த வீட்டுச் சண்டையில் கடவுளையும் அவரை மறந்த ஜனத்தையும் கண்டவர். வகுப்பே கண்ணைத் துடைத்துக்கொண்டது. ஒவ்வொருவரும் தன்னை ஓசியாவாகவே நினைத்து அழுதார். ஓடிப்போன மனைவியின் இடத்தில் தன்னை வைத்துப் பார்த்தவர் ஒருவர்கூட இல்லை. வழக்கம்போல ஜனத்தின் துரோகத்தை விளக்கவே நேரம் போதவில்லை. கடவுள் அவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளும் பகுதி வருவதற்குள் பின்பக்கம் டீ கப்புகளின் சத்தம் கேட்டுவிடும். அதை எப்போதும் "அடுத்த வாரம் பார்ப்போம்" என்று முடிப்பார். அடுத்த வாரம் வேறொரு தீர்க்கதரிசி, ஆமோஸ், வந்துவிடுவார்.

வகுப்பு முடிந்து வீட்டுக்குப் போனால் வீடு பூட்டிக் கிடந்தது. மனைவி தங்கை வீட்டுக்குப் போய்விட்டாளாம். நான்கு நாள் ஹோட்டல் சாப்பாட்டில் அவருக்கு விஷயம் தெளிவானது. தானும் ஓசியாதான். தேடிப்போக வேண்டியதுதான்.

சகலை கதவைத் திறந்தார். "அடடே, வியாக்கியானி! வாங்க வாங்க. பிரசங்கம் நீளமா? டீ போடவா, இல்ல சோறே வடிக்கவா?"

"அவ எங்க?"

"பால்கனியில துணி காயப்போடறாங்க. ஆப்பிளைக் குடுத்துட்டுப் போங்க சகலை, அதாச்சும் மிஞ்சட்டும்."

பையைக் கொடுக்காமலே அவர் பால்கனிக்குப் போனார். மனைவி திரும்பிப் பார்த்துவிட்டு ஒரு கையால் துண்டை உதறினாள். அவர் தொண்டையைச் செருமினார்.

"நடந்தது நடந்துபோச்சு. நான் உன்னை மன்னிச்சுட்டேன்."

"எதுக்கு?"

"சொல்லாம கொள்ளாம வந்துட்டியே."

"சொன்னேனே. கட்டியை வெட்டி எடுத்து டெஸ்டுக்கு அனுப்பப் போறாங்க, பயமா இருக்கு, கூட வாங்கன்னு சொன்னேன். சின்ன டெஸ்ட்தானே, சாயங்காலம் வகுப்புக்குத் தயார் பண்ணணும்னீங்க."

"ஜெபம் பண்ணினேனே."

"தெரியும். மெசேஜ் வந்துச்சு. கை கூப்பின பொம்மையும் வந்துச்சு." துண்டைக் கொடியில் போட்டாள். "எந்தப் பக்கம்?"

"எது?"

"கட்டிதாங்க. எந்தப் பக்கம்?"

எந்தக் கேள்விக்கும் குறைந்தது இரண்டு பதில் வைத்திருப்பவர் அவர். வாயைத் திறந்தார். இடது என்று சொல்லலாம், பாதி வாய்ப்பு இருக்கிறது என்றுகூட ஒரு கணம் தோன்றியது. தீர்க்கதரிசிகள் திட்டியது ஆலயத்தை எட்டிப் பார்க்காதவர்களை மட்டுமா? பலியும் பாட்டுமாக, ஒரு பண்டிகையும் விடாமல் வந்து நின்றவர்களையும் அல்லவா? இதை அவரே பலமுறை வகுப்பில் சொல்லியிருக்கிறார், விரலை எதிர் வரிசையை நோக்கி நீட்டிக்கொண்டு.

"தெரியாது," என்றார்.

அவள் கை நின்றது. "இந்த வார்த்தையை உங்க வாயில இருந்து இப்பதான் கேக்கறேன்."

"ரிப்போர்ட் வந்துடுச்சா?" அதைக்கூட இப்போதுதான் கேட்கிறோம் என்பது கேட்டபிறகே உறைத்தது.

"நேத்து வந்துச்சு." அவரைக் காக்கவைத்துப் பார்த்தாள். நியாயமாக இன்னும் கொஞ்சம் காக்கவைத்திருக்கலாம். "ஒண்ணுமில்ல. வெறும் கொழுப்புக் கட்டி."

கவிழ்த்திருந்த பக்கெட்டின்மேல் உட்கார்ந்துவிட்டார். பை சரிந்து ஆப்பிள்கள் பால்கனி முழுக்க உருண்டன. எடுக்கத் தோன்றவில்லை. ஒரே எழுத்தில் தொடங்காத என்னென்னவோ சத்தம் அவர் வாயிலிருந்து வந்தது. உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த சகலை, கிண்டல் எதுவும் செய்யாமல் தலையை இழுத்துக்கொண்டார்.

அழுது முடிக்கட்டும் என்று அவள் இரண்டு துணியைக் காயப்போட்டாள். பிறகு கேட்டாள்: "அந்த ஓசியா கதையில கடைசியில என்னதான் ஆகும்? நீங்க அதுக்கு வர்றதுக்குள்ள எல்லாரும் டீக்கு எந்திரிச்சிடறாங்க."

"தனியாக் கூட்டிட்டுப் போய் அன்பாப் பேசுவாரு."

"யாரு? துரோகம் பண்ணினவரா?"

"இல்ல," என்றார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "பாதிக்கப்பட்டவரு."

"அது சரி! அப்ப அன்பாப் பேச வேண்டியதும் நான்தானா?" சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. "கடவுளுக்கு அவ்வளவு பொறுமை இருக்கலாம். எனக்கு இல்லீங்க."

"வீட்டுக்கு..."

"அதை அப்புறம் பாக்கலாம். எந்திரிங்க. இந்தப் போர்வையை ஒத்தக் கையால பிழிய முடியல, அந்த முனையைப் பிடிங்க."

பிடித்தார். இருவரும் திருகினார்கள். போர்வை அவர்களுக்கு நடுவே சும்மா சுற்றியதே தவிர, ஒரு சொட்டுத் தண்ணீர் விழவில்லை.

"நான் திருகற பக்கமே திருகினா எப்படி? மாத்தித் திருகுங்க."

மாற்றித் திருகினார். போர்வை இறுகிக் கயிறு போலாகி, நடுவில் முறுக்கிக்கொண்டு, கனத்த தண்ணீரைக் கொட்டியது. அவள் தன் முனையை இடது கையில் சுற்றிக்கொண்டு, வலது கையை உடம்போடு ஒட்டி வைத்திருந்தாள். அவர் தன் முனையை விடாமல், அந்தக் கையையே பார்த்தபடி ஒரு எட்டு கிட்டே போனார்.