முப்பத்தாறு புள்ளி இரண்டு

தங்கையின் குழந்தை ஏழரை மாதத்திலேயே அவசரப்பட்டுப் பிறந்து ஐந்து நாள் ஆகியிருந்தது. எடை ஒன்றரைக் கிலோகூட இல்லை. அது படுத்திருந்த இன்குபேட்டரின் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் மென்பொருளை எழுதியவள் அக்கா. பல்கலைக்கழக ஆய்வகத்தில் நாலு வருடம் மாடாய் உழைத்து எழுதியதை ஒரு கம்பெனி வாங்கிக்கொண்டுபோய், பெட்டிக்குள் போட்டு விற்கிறது. அந்த வார்டில் இருந்த எட்டுப் பெட்டிகளும் அந்தக் கம்பெனியுடையவைதான். மற்ற ஏழு தாய்மார்களிடமும் தங்கை இதைத் தம்பட்டம் அடித்து முடித்திருந்தாள்.

மூன்று மணிக்குப் பார்வையாளர்களை விட்டார்கள். அக்கா கையைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"பெரியம்மா வந்தாச்சு பாருடி," என்றாள் தங்கை. வாயெல்லாம் பல். "கன்னம் எப்படிச் செவந்திருக்கு பாத்தியாக்கா? நேத்து வரைக்கும் வெளுத்துப்போய்க் கெடந்தா. காலைலேருந்து அழவே இல்ல, அடிச்சுப்போட்ட மாதிரி தூங்குறா. பெட்டின்னா உன் பெட்டிதான்!"

அக்கா குழந்தையைப் பார்ப்பதற்கு முன்னால் திரையைப் பார்த்தாள். தொழில்புத்தி போகுமா? தோலின் சூடு 36.2. இருக்க வேண்டியது 36.5. கொஞ்சம் குறைவு, அதனால் ஹீட்டர் ஓடுகிறது. ஓடட்டும். பிறகுதான் குனிந்து பிஞ்சு விரல்களைப் பார்த்தாள். மூக்கு யாருடைய மூக்கு என்று தங்கையோடு கொஞ்ச நேரம் சண்டை போட்டாள். தற்செயலாகத் திரும்பினாள். 36.2.

ஹீட்டர் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. எண் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. உயிருள்ள தோல் அப்படி இருக்காது. மூச்சு விட்டால் ஆடும், காலை உதைத்தால் ஆடும், கடைசி இலக்கம் ஓர் இடத்தில் நிற்கவே நிற்காது.

"சிஸ்டர், இந்த நம்பர் எவ்வளவு நேரமா இப்படியே இருக்கு?"

நர்ஸ் குறிப்பேட்டைப் புரட்டினாள். "பன்னெண்டு மணிக்கு 36.2. ஒரு மணிக்கு அதே. ரெண்டு மணிக்கும் அதே. ஆடாம அசையாம இருக்கு, நல்லதுதானேம்மா?"

மூன்று மணி நேரம். அப்படி ஓர் எண் எங்கிருந்து வரும் என்று அந்தக் கட்டடத்திலேயே ஒருத்திக்குத்தான் தெரியும்.

ஆய்வகத்தில் குழந்தை ஏது? வெந்நீர் நிரப்பிய ரப்பர் பொம்மைதான். அதற்குக் குண்டம்மா என்று பேர் வைத்திருந்தார்கள். குண்டம்மாவின் வயிற்றில் ஒட்டிய சென்சாரின் வயர், பெட்டியில் செருகும் இடத்தில் லொடலொடவென்று ஆடும். பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் தொடர்பு அறுந்து அலாரம் கத்தும். பக்கத்து அறைப் பேராசிரியர் வந்து தலையைத் தின்பார். ஒருநாள் மதியம் பொறுக்க மாட்டாமல் அவள் ஒரு வரி எழுதினாள்: சென்சார் பதில் சொல்லாவிட்டால் அது கடைசியாகச் சொன்ன எண்ணையே வைத்துக்கொள். எவ்வளவு நேரத்துக்கு என்று எழுதவில்லை. 'சோதனைக்கு மட்டும், பிறகு நீக்கவும்' என்று பக்கத்தில் குறிப்பு போட்டாள். அலாரம் வாயை மூடிக்கொண்டது. பிறகு அந்த வரியை நீக்க யாருக்கும் நினைப்பு வரவில்லை. ஆயிரம் மணி நேரத்தில் ஒரு பொய் அலாரம்கூட இல்லை என்று அறிக்கையில் எழுதினார்கள். கம்பெனிக்காரர்கள் மயங்கியதே அந்த வாக்கியத்தில்தான். கம்பெனி சோதித்துக்கொள்ளும் என்று ஆய்வகம் இருந்தது, ஆய்வகம் சோதித்துவிட்டது என்று கம்பெனி இருந்தது. மெத்தப் படித்தவர்கள் கூடிச் செய்யும் காரியத்தின் லட்சணம் இது.

அவள் பெட்டியின் பக்கவாட்டைப் பார்த்தாள். வயர் அரை விரற்கடை வெளியே வந்து தொங்கியது.

"எதையும் தொடாதீங்கம்மா!" என்று நர்ஸ் அதட்டினாள். அக்கா காதில் வாங்கவில்லை. வயரைப் பிடித்து உள்ளே செருகினாள்; முதல்முறை இறுகவில்லை. இரண்டாவது முறை இறுகியது.

36.2 என்பது 39.1 ஆனது. பெட்டி அலறியது. பழைய 36.2-ஐ நம்பி ஹீட்டர் மூன்று மணி நேரமும் சூட்டைக் கூட்டிக்கொண்டே இருந்திருக்கிறது.

அதன்பிறகு நர்ஸைக் குறை சொல்ல முடியாது. பெட்டியின் கதவைத் திறந்தாள், போர்வையை உருவினாள், அக்குளில் தெர்மாமீட்டரை வைத்துக்கொண்டே டாக்டரைக் கூப்பிட்டாள். குழந்தை அழவில்லை. அந்தச் சிவப்பு ஆரோக்கியத்தின் சிவப்பு இல்லை என்று இப்போது எல்லோருக்கும் தெரிந்தது. "ஏன் அழ மாட்டேங்குது? அக்கா, ஏன் அழ மாட்டேங்குது?" தங்கை கேட்டுக்கொண்டே இருந்தாள். செத்துவிடுமோ என்ற நினைப்பு அக்காவுக்கு வந்தபோது, தான் கொன்றதாகத்தான் அது வந்தது.

டாக்டர் வந்து, மருந்து ஏற்றி, அரை மணி நேரம் போனபின் குழந்தை முகத்தைச் சுளித்துப் பூனைக்குட்டி மாதிரி கத்தியது. 37.6. தங்கை குழந்தையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு தேம்பினாள்.

டாக்டர் வயரை இழுத்துப் பார்த்தார். "வயர் லூசாயிருக்கு, அவ்வளவுதான். டேப் போட்டு இறுக்கிட்டோம். நல்லவேளை நீங்க கவனிச்சீங்க மேடம். இனிமே பயமில்ல, உள்ள வைங்க."

வயர். எல்லோரும் அதை நம்பிவிட்டார்கள். அக்காவுக்கும் ஒரு கணம் நெஞ்சு லேசானது. அந்த லேசை நினைத்து உடனேயே அருவருப்பு வந்தது. இந்த ஒரு வயரை டேப் போட்டாயிற்று. மற்ற ஏழு?

"வைக்கலாமாக்கா?" தங்கை டாக்டரைப் பார்க்கவே இல்லை. "நீ சொன்னா வைக்கிறேன்."

சொல்லாமல் விட்டால் காப்பாற்றியவள். சொன்னால்? ஆய்வகத்தையும் கம்பெனியையும்கூட எப்படியாவது சமாளித்துவிடலாம். தங்கையின் இந்த முகத்தை எப்படிச் சமாளிப்பது?

"வேணாம். உன் நெஞ்சுலயே வெச்சுக்க," என்றாள். "டாக்டர், வயர் கழண்டா அந்த மெஷின் கத்தணும். கத்தாம, பழைய நம்பரையே காட்டிக்கிட்டு இருக்கும்படி நான்தான் எழுதினேன். எட்டு மெஷின்லயும் அதுதான் இருக்கு. உடனே எல்லாக் குழந்தைக்கும் கையால சூடு பாருங்க."

நர்ஸ் தெர்மாமீட்டரோடு அடுத்த பெட்டிக்கு ஓடினாள். ஏழு தாய்மார்களும் எழுந்து அவரவர் திரையை வெறித்தார்கள். யாரோ ஒருத்தி, "எங்க நம்பர் மாறவே இல்லையே," என்று வீறிட்டாள்.

அக்கா தங்கையின் தோளைத் தொடக் கையை நீட்டினாள். தங்கை குழந்தையின் தலையைக் கையால் மூடிக்கொண்டு ஓரடி பின்னால் நகர்ந்தாள்.