வேலி தாண்டிய முல்லை

யுத்தம் தொடங்கியதிலிருந்து காத்தான்குடிக்கு நூல் ஒழுங்காக வருவதில்லை. சபூராவின் தறி சும்மா கிடந்தது. அவளுக்கோ ஓரிடத்தில் இருக்க வராது. ஏதாவது செய்ய வேண்டுமே என்றுதான் கிணற்றடியில் முல்லைக் கொடி ஒன்றை நட்டாள். ஆட்டுப்புழுக்கை போட்டாள், கம்பு ஊன்றி ஏற்றிவிட்டாள். கொடி மளமளவென்று வளர்ந்தது. பூ மட்டும் அவள் பக்கம் பூக்கவில்லை.

அவளுடைய வீட்டு வளவை ஈரப்பலா மரம் மூடி நின்றது. வெயில் முழுக்கத் தென்னங்கிடுகு வேலிக்கு அப்பால், ராத்தா றமீஸாவின் வளவில். கொடியும் அங்கேதான் போனது. உம்மா மௌத்தான பிறகு வளவைப் பிரித்தபோது, வேலியை எங்கே போடுவதென்று அக்காவும் தங்கையும் சண்டை பிடித்தார்கள். அன்றோடு பேச்சு நின்றது.

விடிந்ததும் சபூரா கைக்கு எட்டிய கொடியை இழுத்து இந்தப் பக்கம் கட்டுவாள். அடுப்படிக்குப் போவாள், திரும்பி வந்து பார்ப்பாள். சில நாளில் நுனி மறுபடியும் வேலிக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கும். பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு வாசம் அந்தப் பக்கமிருந்து வரும். ராத்தா பறிக்கிறாளா, இல்லையா? கிடுகு இடுக்கில் எட்டிப் பார்க்க ரோசம் விடாது. பார்க்காமல் இருக்கவும் முடியாது.

கச்சான் காற்று அனலாய் வீசிய ஒரு நாள், ஆத்திரத்தில் கொடியை வெடுக்கென்று இழுத்தாள். அடித்தண்டு சடக்கென்று பிளந்தது. களிமண் அப்பிச் சீலைத் துண்டால் சுற்றிக் கட்டினாள். அந்தப் பக்கத்துப் பாரத்தை வெட்டி இறக்காவிட்டால் தண்டு தாங்காது. கத்தியை எடுத்துக்கொண்டு ஒழுங்கை வழியாகச் சுற்றி ராத்தாவின் வாசலுக்குப் போனாள்.

“என்னடி, கத்தியோட வாறாய்?” றமீஸா திடுக்கிட்டு எழும்பினாள்.

“கொடி முறிஞ்சிட்டு ராத்தா. நான்தான் இழுத்த. இங்கால கெடக்கிற கொப்ப வெட்டோணும்.”

வேலியோரம் போன சபூரா அப்படியே நின்றுவிட்டாள். கமுகஞ்சலாகை வைத்து அங்கே ஒரு பந்தல் கட்டியிருந்தது. கீழே உதிர்ந்து வாடிய பூக்கள்.

“பந்தல் யாரு கட்டின?”

“வேற யாரு? மண்ணுல கெடந்து இழுபட்டிச்சி. பாத்திட்டு இரிக்க ஏலல்ல.”

“பூவ ஏன் பறிக்கல்ல?”

“ஒன்ட கொடியாச்சே. கேக்காமப் பறிக்கிறதா? கேக்கவும் வாய் வரல்ல.”

சபூரா வெட்டத் தொடங்கினாள். றமீஸா கொப்புகளைப் பிடித்துக்கொடுத்தாள். பச்சையாக இருந்த இரண்டு தண்டுகளை மட்டும் எறியாமல் வைத்திருந்தாள்.

“இத இஞ்ச நட்டுப் பாப்பமா?”

“நடுங்க. வளந்து என்ட பக்கம் வந்தா?”

“வந்தா நீ பறிச்சிக்க.”

வேலியைப் பற்றி இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை.

பழைய கொடி பிழைக்கவில்லை. நட்டதில் ஒன்று மாரி மழையோடு துளிர்த்தது. அதற்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வருகிறேன் என்று சபூரா குடத்தோடு ஒழுங்கையில் போவதும் வருவதுமாக இருந்தாள், மழை பெய்துகொண்டிருந்த நாள்களிலும்.