படுத்தால் பருத்திவிதை

வடுகபட்டிக்கு மேற்கே, மொக்கைச்சாமி மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கும் கமலைக் கிணற்றில் அன்றும் செவலைக்காளை படுத்துவிட்டது. இரண்டு சால் தண்ணீர்கூட மேலே வரவில்லை. ஜோடிமாடு மயிலை கழுத்தைக் கோணிக்கொண்டு நிற்க, மொக்கைச்சாமி சாட்டையால் விளாசினார், வாலை முறுக்கினார். போன மாதம் போட்ட சூடு ஆறாத முதுகில் ஈ மொய்த்தது. கடைசியில் கை ஓய்ந்துபோய், வழக்கம்போல நுகத்தை அவிழ்த்துவிட்டு, எழுப்புவதற்காகப் பருத்திவிதையைக் கொண்டுவந்து முகத்துக்கு நேரே வைத்தார். செவலை எழுந்து நிதானமாகத் தின்றது.

"வெள்ளிக்கிழமை தரகன் ஒச்சாண்டி வர்றான். குமுளிக்குப் போற அடிமாட்டோட இதையும் பத்திவிட்டுருவேன்" என்றார்.

அவர் மனைவி சங்கிலியம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கன்றுக்குட்டியிலிருந்து அவள் கஞ்சி ஊற்றி வளர்த்த மாடு. படுத்த மாட்டைப் பருத்திவிதை காட்டி எழுப்புவது அந்தப் பக்கத்துக் கிணறுகளில் எல்லாம் நடப்பதுதான். கெடுப்பதையும் கெடுத்துவிட்டுக் கொல்லவும் அனுப்புவார்களாம்!

"இழுக்கும்போது சாட்டை, படுத்தா பருத்திவிதை. ஒங்களுக்கு இப்படிக் குடுத்தா நீங்க நிப்பீகளா, படுப்பீகளா?"

"மாட்டுக்கு வக்காலத்து வாங்குறியாக்கும்?"

"வெள்ளிக்கிழமை வரைக்கும் எங்கிட்ட விடுங்க. சாட்டையைத் தொடக்கூடாது."

மறுநாள் செவலை படுத்தது. அவள் அடிக்கவில்லை, அவிழ்க்கவில்லை, ஏன் என்றும் கேட்கவில்லை. நின்ற மயிலைக்கு மட்டும் ஒரு கை பருத்திவிதை கொடுத்துவிட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்து கீரை ஆய்ந்தாள். வெகுநேரம் கழித்துச் செவலை தானாக எழுந்தது. உடனே அதற்கும் ஒரு கை. அன்றைக்கு எழுந்ததே போதும். அடுத்த நாள் எழுந்தால் மட்டும் கிடைக்கவில்லை. நாலடி இழுத்த பிறகுதான் கிடைத்தது.

புதன்கிழமை செவலை என்றுமில்லாத ஆட்டம் ஆடியது. படுத்துக் காலை உதைத்து, நுரை தள்ளக் கதறியது. மொக்கைச்சாமிக்குப் பொறுக்கவில்லை. நுகத்தை அவிழ்க்க ஓடினார். அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்ப அவுத்தீகன்னா, இன்னும் கொஞ்சம் கத்துனா காரியம் ஆகும்னு நீங்களே சொல்லிக் குடுத்த மாதிரி. அப்புறம் அதக் கொன்னது நீங்கதான்!"

மொக்கைச்சாமி முணுமுணுத்துக்கொண்டே போய் மேட்டில் உட்கார்ந்தார். உச்சிவெயிலில் செவலை எழுந்தது. அன்று ஒரு முழுச் சால் வந்தது. வியாழக்கிழமை பத்து.

வெள்ளிக்கிழமை ஒச்சாண்டி வந்தபோது மாடுகள் இரண்டும் இழுத்துக்கொண்டிருந்தன. தரகன் வாயைப் பிளந்தான். மொக்கைச்சாமி மீசையைத் தடவினார்.

"எல்லாம் நம்ம அடிதான்! அடிச்ச அடி இப்பத்தான் ஒறைச்சிருக்கு."

பாவி மனுஷன்! சொன்னதோடு விட்டாரா? மேட்டில் கிடந்த சாட்டையை எடுத்துச் சொடுக்கியும் காட்டினார். செவலை காலை மடித்துப் படுத்தது.

ஒச்சாண்டி சிரித்துக்கொண்டே கயிற்றை அவிழ்க்கப் போனான். சங்கிலியம்மாள் குறுக்கே நின்றாள்.

"யாரும் தொடாதீக! ரெண்டு பேரும் அங்கிட்டுத் திரும்பி உக்காருங்க."

அந்தக் குரலுக்கு இரண்டு ஆண்களும் உட்கார்ந்தார்கள். வாய்க்காலில் ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் வற்றி நின்றது. ஒச்சாண்டி வெற்றிலை போட்டு, துப்பி, மறுபடியும் போட்டான். பிறகு அவர்கள் முதுகுக்குப் பின்னால் சால் ஏறும் உருளை கிறீச்சிட்டது.

ஒச்சாண்டி கயிற்றைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினான். சங்கிலியம்மாள் சாட்டையை எடுத்து அடுப்புக்குப் பொறுக்கி வைத்திருந்த விறகோடு போட்டாள்.

"மாடு அஞ்சு நாள்ல கத்துக்கிருச்சு. ஒங்களுக்கு எத்தனை நாளாகும்?"

மொக்கைச்சாமி பருத்திவிதையை ஒரு கை அள்ளிக்கொண்டு செவலையிடம் போனார். அவள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"சால் மேல வரட்டும்."

அவர் கையை மூடிக்கொண்டு காத்து நின்றார்.